கொடுங்கையூரில் 50 ஏக்கர் டிரோன் மேப்பிங்: எவ்வளவு உயரம், எவ்வளவு ஓவர்லேப்?

கால்வாய்க்கரை | சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். கொடுங்கையூர் பக்கம் கேப்டன் காட்டன் கால்வாயை ஒட்டி சுமார் 500 × 400 மீட்டர், அதாவது 50 ஏக்கர் அளவுக்கு ஒரு குடியிருப்புப் பகுதியை டிரோனில் படமெடுத்து மேப் செய்ய வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எந்தச் சந்தில் தண்ணீர் நின்றது, ஏன் வடியவில்லை என்பதுதான் எங்கள் புராஜெக்ட்.

கையில் இருப்பது கல்லூரியின் பழைய ஃபான்டம் 4 ப்ரோ, மூன்று பேட்டரி. என் பிளான்: 100 மீட்டர் உயரம், முன்பின் ஓவர்லேப் (அடுத்தடுத்த படங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் அளவு) 70 சதவீதம், பக்கவாட்டில் 60, கேமரா நேர் கீழே, ஒரே கிரிட் (இணைகோடுகளாக ஒரு சுற்று). ஒரே பேட்டரியில் முடியும், சுமார் 130 படம் வரும் என்று ஆப் காட்டுகிறது. படங்களைச் சேர்த்து மேப் ஆக்கும் வெப்ஓடிஎம் மென்பொருளில் போட்டு கான்டூர் (சம உயரக் கோடுகள்) எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இது போதுமா? உயரத்தைக் குறைக்க வேண்டுமா?

பறக்கும்கேமரா | சனி, இரவு 10:25

உயரம் எல்லாம் அப்புறம். முதலில் டிஜிட்டல் ஸ்கை (டிரோன் எங்கே பறக்கலாம் என்று அரசு காட்டும் தளம்) மேப்பைத் திறந்து உன் 50 ஏக்கர் எந்த நிறத்தில் விழுகிறது என்று பார் தம்பி.

மீனம்பாக்கம் விமான நிலையம் அங்கிருந்து 12 கிலோமீட்டருக்கு மேல். அதனால் அந்தத் தொல்லை இல்லை. 8 கிலோமீட்டருக்குள் என்றால் தரையிலிருந்தே மஞ்சள் (விமானக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும்), 8 முதல் 12 வரை என்றால் 60 மீட்டர் மட்டும்தான் பச்சை. வடசென்னையில் தலைவலி வேறு: துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணெய்க் கிடங்குகள், அனல்மின் நிலையம். இவற்றை ஒட்டி எங்கே சிவப்பு இருக்கிறது என்பதை யூகிக்காதே, மேப்பில் உன் எல்லையை வரைந்து பார். சிவப்பில் ஒரு மூலை விழுந்தாலும் மத்திய அரசு அனுமதி இல்லாமல் தூக்கக் கூடாது. முழுக்கப் பச்சை என்றால் 120 மீட்டர் வரை யாரையும் கேட்க வேண்டாம். பறக்கும் அன்று காலையிலும் ஒருமுறை பார். முக்கியமானவர் யாராவது வருகிறார் என்றால் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு போட 2021 டிரோன் விதிகளில் இடம் இருக்கிறது.

ஃபான்டம் 4 ப்ரோ 1.4 கிலோகிட்ட வரும். 250 கிராமுக்கு மேல், 2 கிலோவுக்குள், ஆகவே மைக்ரோ. காசு வாங்காத வேலை என்றால் மைக்ரோவுக்குப் பைலட் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் பதிவு எண்ணும் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸும் வேண்டும். கல்லூரி டிரோனுக்கு இரண்டும் இருக்கிறதா என்று லேப் பொறுப்பாளரிடம் காகிதமாகக் கேள். “இருக்கும் பா” என்ற பதிலை வாங்கிக்கொண்டு வராதே.

இன்னொன்று. டிஜேஐ ஆப் மேலே போக விடுகிறது என்பதற்காகச் சட்டமும் விட்டதாக அர்த்தமில்லை. அது அந்தக் கம்பெனி வைத்திருக்கும் தனி மேப்.

புள்ளிமேகம் | சனி, இரவு 11:50

அனுமதி சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

“எவ்வளவு உயரம்” என்பதற்கு முன்னால், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது. அப்படியானால் படம் எவ்வளவு துல்லியம் என்பது இரண்டாம் பட்சம், மட்டம் எவ்வளவு துல்லியம் என்பதுதான் முதல். வடசென்னை தட்டையான ஊர். உங்கள் 500 மீட்டரில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மொத்த இறக்கமே ஓர் அடி தேறுமா என்பது சந்தேகம். உங்கள் மாடலில் 20 சென்டிமீட்டர் பிசகினால் தண்ணீர் கால்வாயிலிருந்து தெருவுக்கு ஓடுவதாகக் காட்டும். (மழைக்காலத்தில் அதுவும் நடக்கிறதுதான், அது வேறு கதை.)

கணக்குக்கு வருவோம். இந்தக் கேமராவின் சென்சார் அகலம் 13.2 மில்லிமீட்டர், குவியத்தூரம் 8.8, படத்தின் அகலம் 5472 பிக்சல். 100 மீட்டரில் ஒரு பிக்சல் தரையில் 2.7 சென்டிமீட்டர், 60 மீட்டரில் 1.6. நல்ல கன்ட்ரோல் பாயின்ட் (தரையில் துல்லியமாக அளந்து வைத்த அடையாளப் புள்ளி) வைத்துச் செய்தால் மட்டத்தின் பிழை ஒரு பிக்சலிலிருந்து மூன்று பிக்சல் வரை இருக்கும். 100 மீட்டரில் அது 8 சென்டிமீட்டர் வரை போகலாம், 60 மீட்டரில் 5. ஆகவே 60 நல்லது. ஆனால் நீங்கள் கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது, அதுதான் பெரியது: சந்தின் தரை உங்கள் படத்தில் விழுமா?

இரண்டு மீட்டர் அகலச் சந்து, இரு பக்கமும் ஆறு மீட்டர் உயர வீடுகள். சந்தின் நடுக்கோட்டைக் கேமரா பார்க்க வேண்டும் என்றால் ஆறு மீட்டர் உயரத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் சாய்வு கூடாது. 60 மீட்டரில் பறந்தால் சந்துக்கு நேர் மேலிருந்து இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டருக்குள் கேமரா வந்தாக வேண்டும். அந்த உயரத்தில் ஒரு படம் தரையில் 90 மீட்டர் அகலம் பிடிக்கும். பக்க ஓவர்லேப் 70 என்றால் கோட்டுக்கும் கோட்டுக்கும் 27 மீட்டர் இடைவெளி. கோட்டுக்கு இணையாக ஓடும் சந்து சில இடங்களில் 13 மீட்டர் தள்ளி விழும். அங்கே தரை தெரியாது, சுவர்தான் தெரியும். மென்பொருள் அந்தக் குழியைக் கூரையையும் சுவரையும் வைத்து நிரப்பிவிடும், உங்களிடம் சொல்லவும் சொல்லாது. 80 சதவீதம் என்றால் இடைவெளி 18 மீட்டர், அதிகபட்சம் 9 மீட்டர் தள்ளி. தரை தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உயரத்தை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. 100 மீட்டரில் பார்வை வட்டமும் அதே விகிதத்தில் விரியும், கோட்டு இடைவெளியும் விரியும். சந்து தெரிவதும் தெரியாததும் ஓவர்லேப்பின் கையில். உங்கள் 60 சதவீதத்தில் பாதிச் சந்துகள் காணாமல் போகும்.

கால்வாய்க்கரை | ஞாயிறு, காலை 7:15

அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியென்றால் கோடுகளைச் சந்துகளுக்குக் குறுக்காகப் போட்டால்?

புள்ளிமேகம் | ஞாயிறு, காலை 8:30

சரியான கேள்வி. குறுக்காகப் போட்டால் நல்லது. முன்பின் 80 சதவீதம் என்றால் 12 மீட்டருக்கு ஒரு படம், ஆகவே எந்தச் சந்தும் ஏதோ ஒரு படத்துக்கு ஆறு மீட்டருக்குள் வந்துவிடும். பக்கத்துக் கோட்டிலிருந்தும் சந்தின் நீளவாக்கில் எட்டிப் பார்க்கலாம், அந்தத் திசையில் சுவர் மறைக்காது. ஆனால் நம் ஊர்ச் சந்து எது நேராக ஓடியிருக்கிறது? அதனால் இரட்டை கிரிட் போடுங்கள். முதல் கிரிட் பெரும்பாலான சந்துகளுக்குக் குறுக்காக, 80/80 (முன்பின் 80, பக்கவாட்டில் 80), கேமரா நேர் கீழே. இரண்டாவது அதற்குச் செங்குத்தாக, 80/70, கேமராவை 20 டிகிரி சாய்த்து.

சாய்ப்பது எதற்கு என்றால்: எல்லாப் படமும் நேர் கீழே பார்த்து, எல்லாக் கோடும் இணையாக இருந்தால், லென்ஸின் வளைவைக் கணிக்கும்போது மென்பொருள் ஒரு சின்னத் தவறைச் செய்து, அதை முழு மேப்பிலும் பரப்பிவிடும். விளைவு, தட்டையான தரை நடுவில் உப்பி ஓரத்தில் இறங்கி, இட்லி மாதிரி வரும். ஆர்த்தோ படத்தில் (எல்லாப் படத்தையும் ஒட்டிச் செய்யும் நேர்மேல் மேப்) ஒன்றும் தெரியாது, பளிச்சென்று இருக்கும். மலைப்பகுதியில் இதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். கொடுங்கையூரில் முழு வடிகாலும் தலைகீழாகிவிடும். சாய்வுப் படங்கள் சேர்ந்தால் இந்த உப்பல் நன்றாகக் குறையும். மிச்சத்தைக் கன்ட்ரோல் பாயின்ட் பிடித்துக்கொள்ளும்.

மட்டக்கோல் | ஞாயிறு, காலை 10:05

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சர்வேகாரன். டிரோன் ஓட்டத் தெரியாது, மட்டம் தெரியும்.

தம்பி, கன்ட்ரோல் பாயின்ட்டுக்கு உயரம் எதில் எடுக்கப் போகிறீர்கள்? ஆர்.டி.கே. கருவியில் (துல்லியமான ஜி.பி.எஸ். வகை) என்றால் நல்ல வானத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிழை வரும். மாடி வீடுகளுக்கு நடுவில், தகரக் கூரைகள் சிக்னலைத் திருப்பி அடிக்கும் இடத்தில், இன்னும் கூடும். மேலே ஒருவர் ஓர் அடி இறக்கம் என்றார். அந்த ஓர் அடியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆடும் கருவியில் அளப்பது எனக்கு ஒப்பவில்லை.

உங்கள் கல்லூரி சர்வே லேபில் ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கி) தூசி படிந்து கிடக்கும். எடுங்கள். ஸ்டாஃபும் (அளவு குறித்த நீளக் கோல்) எடுங்கள். ஆர்.டி.கே.யில் இருப்பிடம் மட்டும் பிடித்துக்கொண்டு, உயரத்தை ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு லெவலில் கொண்டுபோங்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து மூடுங்கள். இரண்டு கிலோமீட்டர் சுற்று என்றால் மூடும் பிழை 12 ரூட் கே (கே என்பது சுற்றின் கிலோமீட்டர்) கணக்கில் 17 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். வராவிட்டால் திரும்ப நடங்கள். காலையில் வெயில் ஏறும் முன் செய்தால் ஸ்டாஃப் ஆடாமல் தெரியும், தார் ரோட்டில் பத்து மணிக்கு மேல் எண்களே நெளியும்.

புள்ளிகள் எத்தனை என்று அடுத்துக் கேட்பீர்கள். நான்கு மூலை, நடுவில் ஒன்று, கால்வாய்க் கரையோரம் இரண்டு, அதிகம் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒன்று. இவை தவிர ஐந்தாறு புள்ளிகளை அளந்து, மென்பொருளிடம் கொடுக்காமல் பையிலேயே வைத்திருங்கள். மேப் முடிந்ததும் அதில் அந்த இடங்களின் உயரத்தைப் படித்து இவற்றோடு ஒப்பிடுங்கள். மென்பொருள் அச்சடித்துத் தரும் பிழை அறிக்கையை நம்பி ஒரு கூட்டத்தில் ஒருவர் “மூன்று சென்டிமீட்டர் துல்லியம்” என்று பேசியதைக் கேட்டேன். கொடுத்த புள்ளியை வைத்தே சரிபார்த்தால் எல்லோரும் பாஸ்தான்.

பறக்கும்கேமரா | ஞாயிறு, காலை 11:20

ஐயா சொன்னதுக்கு ஒரு சலாம்.

புள்ளிக்கு அடையாளம் எப்படி வைப்பது என்று நான் சொல்கிறேன். சுண்ணாம்பில் கூட்டல் குறி போட்டால் இரண்டு ஆட்டோ போனதும் அழிந்துவிடும். பழைய ஃப்ளெக்ஸ் பேனரை 60 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, கறுப்பு வெள்ளைக் கட்டம் பெயின்ட் அடித்து ஆணி அடிப்பார்கள். நல்ல முறைதான், ஆனால் முதல் நாளே விரிக்காதீர்கள். மறுநாள் அது யாரோ ஒருவர் வீட்டுக் கூரையில் ஒழுகலுக்கு மேல் உட்கார்ந்திருக்கும், கன்ட்ரோல் பாயின்ட் மூன்று மீட்டர் உயர்ந்துவிடும். ரோட்டிலேயே இருக்கும் அடையாளங்கள் சிறந்தவை: மேன்ஹோல் மூடியின் மூலை, சிமென்ட் ரோடு முடியும் விளிம்பு, வேகத்தடையின் வெள்ளைக் கோட்டு முனை. அதோடு ஆயில் பெயின்டில் ஒரு சின்ன அடையாளம். எந்த மூலை என்று ஃபோனில் அருகிலிருந்து ஒரு படம் கட்டாயம்.

வேகம் 5 மீட்டருக்கு மேல் வேண்டாம். நொடிக்கு 5 மீட்டரில், ஷட்டர் 1/500 என்றால் படம் பதிவதற்குள் டிரோன் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 வைத்தால் அரை சென்டிமீட்டர், 1.6 சென்டிமீட்டர் பிக்சலுக்கு அது பரவாயில்லை. ஃபான்டம் 4 ப்ரோவில் மெக்கானிக்கல் ஷட்டர் இருப்பது உன் அதிர்ஷ்டம். மினி வகையில் எடுத்திருந்தால் படம் மேலிருந்து கீழ் வரி வரியாகப் பதிவாகும், அதற்குள் டிரோன் நகர்வதால் படமே சற்று இழுபடும். சரிசெய்ய மென்பொருளில் வழி இருக்கிறது, ஆனால் மட்டம் கேட்கும் வேலைக்கு அந்த வம்பு எதற்கு. ஃபோகஸை ஒருமுறை வைத்துப் பூட்டிவிடு. வெளிச்சமும் மேனுவல். ஆட்டோவில் விட்டால் தகரக் கூரை வந்ததும் இருட்டும், தார் ரோடு வந்ததும் வெளுக்கும்.

மூலக்கொத்தளம்72 | ஞாயிறு, மதியம் 1:10

எல்லாரும் சென்டிமீட்டர் பேசுறீங்க. மாஞ்சாவைப் பத்தி ஒருத்தரும் பேசலையே? 60 மீட்டர்ல எங்க ஏரியா காத்தாடி சும்மா நிக்கும். மாஞ்சாவுக்குத் தடை இருக்கு, போலீஸ் பிடிக்குது, இருந்தாலும் லீவு நாள் சாயங்காலம் வானத்தைப் பாருங்க. அந்த நூல் கண்ணுக்கே தெரியாது, டிரோன் எதிரே எது இருக்குன்னு பார்க்கிற சென்சாருக்கும் தெரியாது. புரொப்பல்லர்ல சுத்திச்சுன்னா டிரோன் எவன் தலையிலயாவது விழும். ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி லீவும் வேணாம். வேலை நாள், காலையில எடுங்க.

அப்புறம் குப்பைக்கிடங்குப் பருந்து. சும்மா பத்து இருபது இல்ல, வட்டமடிச்சுட்டே இருக்கும்.

பறக்கும்கேமரா | ஞாயிறு, மதியம் 2:00

அண்ணே, சரியாப் பிடிச்சீங்க.

பருந்து விஷயத்தில் பழகிய முறை: நெருங்கி வந்தால் கீழே இறக்காதே, நேராக மேலே ஏற்று. அது வேகமாக இறங்கும், வேகமாக ஏறாது. ஆப்பில் மிஷனை நிறுத்திவிட்டு மேனுவலுக்கு எப்படி வருவது, நிறுத்திய இடத்திலிருந்து எப்படித் தொடர்வது என்பதை ஒரு காலி மைதானத்தில் முன்பே பழகிவிடு. தரை சூடாகி வெப்பக் காற்று எழும்பும்போதுதான் பருந்துகள் உயர வட்டமடிக்கும். ஒன்பதரைக்கு மேல் கூட்டம் கூடும். கடல்காற்றும் பகலில்தான் உள்ளே வரும், கோடையில் பெரும்பாலும் மதியத்தை ஒட்டி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காலை 7 முதல் 9 வரைதான் உன் நேரம்.

மின்கோபுரத்தை மறக்காதே. தண்டையார்பேட்டை, மணலி துணைமின் நிலையங்கள் பக்கம் போகும் உயரழுத்தக் கம்பிகள் உன் எல்லைக்குள் வருகிறதா என்று நடந்து பார். கோபுரம் 40, 50 மீட்டர் இருந்தால் 60-இல் பறப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பக்கத்தை வெட்டிவிடு, இல்லையென்றால் மொத்தத்தையும் 80-க்கு ஏற்று. வீடு திரும்பும் உயரத்தையும் கோபுரத்துக்கு மேலே வை. பேட்டரி குறைந்ததும் டிரோன் நேர்கோட்டில் திரும்பி வரும், வழியில் கம்பி இருக்கிறதா என்று யோசிக்காது.

புள்ளிமேகம் | ஞாயிறு, மாலை 4:45

காலை ஏழு மணியோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது சந்து முழுக்க நிழல். நிழலில் மென்பொருளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. இவ்வளவு கணக்குப் போட்டுச் சந்துத் தரையைப் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டு, அதைக் கறுப்பாக எடுத்தால் என்ன பயன்? உச்சி வெயிலும் ஆகாது, புதுத் தகர ஷீட் கண்ணாடியாய் அடிக்கும்.

என் வழி: மேகமூட்டமான காலை. நிழலே இருக்காது, தகரமும் பளபளக்காது, பருந்தும் மேலே ஏறாது. ஷட்டர் 1/1000 கிடைக்க ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன்) 200, 400 வரை ஏற்றிக்கொள்ளலாம், கெட்டுப்போகாது. ஆகஸ்ட், செப்டம்பரில் அப்படிப்பட்ட காலைகள் நிறையக் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடித்தும் ஆகும்.

கால்வாயைப் பற்றி ஒன்று. தண்ணீர்ப் பரப்பை மட்டும் பிடித்த படம் எதற்கும் உதவாது, ஒவ்வொரு படத்திலும் கரை கொஞ்சமாவது விழும்படி எல்லையை வரையுங்கள். கால்வாயில் ஆகாயத்தாமரை மண்டியிருந்தால் மென்பொருள் சந்தோஷமாக அதன் இலைமட்டத்தைத் தரை என்று எழுதிக்கொள்ளும். பச்சையாகத் தெரிவதால் உங்களுக்கும் புல்தரை என்றே தோன்றும். கால்வாயின் அடிமட்டமும் பாலத்துக்குக் கீழே இருக்கும் மட்டமும் டிரோனில் வரவே வராது. மட்டக்கோல் ஐயாவின் ஸ்டாஃபைத்தான் இறக்க வேண்டும்.

வாசல்கோலம் | ஞாயிறு, இரவு 8:20

நான் அந்தப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். என் பையன் இந்த இழையைக் காட்டினான். தப்பா நினைக்காதீங்க தம்பி, ஒன்று கேட்கிறேன்.

இந்தப் படத்தை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்?

கால்வாய் ஓரத்தில் அளவெடுக்க யார் வந்தாலும் எங்கள் தெருவில் முதலில் வரும் கேள்வி “எப்போ காலி பண்ணச் சொல்லுவாங்க” என்பதுதான். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்த ஜனங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அளவு நாடாவோடு ஆரம்பித்த கதை. இப்போது மேலே ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு வந்து வரிசையாகப் படமெடுத்தால் என்ன நினைப்பார்கள்? அதோடு பெண்கள் குளிக்கிற இடத்துக்குப் பாதி வீட்டில் கூரையே கிடையாது. அதையும் யோசிங்க.

தண்ணி நிற்கிற இடம் தெரியணும் என்றால் எங்களைக் கேட்டாலே சொல்வோம். மிக்ஜாமில் தண்ணி நின்ற கோடு எங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது, சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை.

கால்வாய்க்கரை | ஞாயிறு, இரவு 9:30

அக்கா, நியாயமான கேள்வி. கல்லூரியில் ரிப்போர்ட்டோடு ஆர்த்தோ படத்தையும் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பெரிய ஃபைலை ஆன்லைனில் ஏற்றினால் மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைத்தேன்.

புள்ளிமேகம் | ஞாயிறு, இரவு 10:15

ஏற்ற வேண்டாம். 1.6 சென்டிமீட்டர் என்றால் கொடியில் காயும் துணியின் நிறம் வரை தெரியும், எந்த வீடு கால்வாய் எல்லையை எத்தனை அடி தாண்டியிருக்கிறது என்பதும் தெரியும். வடிகால் ஆய்வுக்கு அது எதற்கும் தேவையில்லை. தரை மட்டம், கான்டூர், தண்ணீர் ஓடும் கோடு, தேங்கும் பள்ளம், இவை போதும். வீடுகளை நீக்கிய தரை மாடலை மட்டும் கொடுங்கள். மூலப் படங்களை வேலை முடிந்ததும் என்ன செய்வது என்பதை அந்தத் தெருக்காரர்களோடு உட்கார்ந்து முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சொன்ன சுவர்க்கோடு தங்கம். எனக்கு வடிகால் மாடல் செய்யும் பலரைத் தெரியும், அவர்களில் பாதிப் பேருக்குச் சரிபார்க்க இப்படி ஒன்று கிடைக்காது.

மட்டக்கோல் | திங்கள், காலை 6:50

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். அந்தச் சுவர்க்கோடுகளுக்கு மட்டம் எடுங்கள். லெவல் சுற்றில் போகும்போதே, எந்த வீட்டில் கோடு இருக்கிறதோ அங்கே கேட்டுக்கொண்டு ஸ்டாஃபை நிறுத்தி ஒரு ரீடிங். தண்ணீர் ஓடாமல் நின்ற இடத்தில் எல்லாக் கோடும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வர வேண்டும். ஒரு சந்தில் மட்டும் பத்து சென்டிமீட்டர் உயர்ந்து வந்தால் அங்கே தண்ணீர் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். நிரவிப்போன மழைநீர் வடிகாலோ, உயர்த்திப் போட்ட சிமென்ட் ரோடோ எதிரே இருக்கும், போய்ப் பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே புதுசு போட்டுப் போட்டு வாசல்படிகள் ரோட்டுக்குக் கீழே போன தெருக்களை நீங்களே பார்ப்பீர்கள். வாசல்படி மட்டமும் எடுத்துவிடுங்கள். அது எந்த டிரோனிலும் வராது.

இந்தக் கால்வாய் பக்கிங்காமில் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரம் பக்கம் போகிறது. கடல் ஏற்றத்தில் இருந்தால் கீழே வழியே இருக்காது. ஆகவே உங்கள் மட்டம் தெருவுக்குள் மட்டும் ஒத்துப்போனால் போதாது, சராசரிக் கடல்மட்டத்தோடும் கட்டப்பட வேண்டும். அருகில் சர்வே ஆஃப் இந்தியா பெஞ்ச் மார்க் (உயரம் அளந்து வைத்த நிலையான குறி) ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

புள்ளிமேகம் | திங்கள், காலை 9:00

இதோடு ஒட்டி ஒரு எச்சரிக்கை. ஜி.பி.எஸ்., ஆர்.டி.கே. எல்லாம் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து இல்லை, கணித நீள்வட்டப் பரப்பிலிருந்து. இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்புக் குறைவான பள்ளம் நமக்குத் தெற்கே இருப்பதால், சென்னையில் கடல்மட்டமே அந்தப் பரப்புக்கு 80 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. உங்கள் கான்டூர் மைனஸ் எண்பது சொச்சம் என்று வந்தால் பயந்து எதையும் திருத்தாதீர்கள். பாதிப் புள்ளிகள் நீள்வட்ட உயரத்திலும் பாதி லெவல் உயரத்திலும் கலந்து போனால்தான் ஆபத்து. எல்லாவற்றையும் பெஞ்ச் மார்க் உயரத்துக்கு மாற்றிய பிறகே கன்ட்ரோல் ஃபைலில் எழுதுங்கள். இருப்பிடத்துக்கு மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டிய ஆயத்தொலை முறை யூ.டி.எம். 44 வடக்கு, அதன் இ.பி.எஸ்.ஜி. எண் 32644.

கால்வாய்க்கரை | செவ்வாய், இரவு 10:30

எல்லோரும் சொன்னதையும் வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டேன். 60 மீட்டர், 5 மீட்டர் வேகம். முதல் கிரிட் 80/80, 23 கோடு, 11.5 கிலோமீட்டர். இரண்டாவது 80/70, சாய்வாக, 19 கோடு, 7.6 கிலோமீட்டர். பறப்பது மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல், சுமார் 1,600 படம். மூன்று பேட்டரியில் முடியாது, நான்கைந்து வேண்டும். எங்கள் லேப் கம்ப்யூட்டரில் ராம் 32 ஜிபிதான். ஒரு பேட்டரிக்காக ஆரம்பித்தது இங்கே வந்து நிற்கிறது.

டிஜிட்டல் ஸ்கையில் எல்லை வரைந்தேன், பச்சை. டிரோன் பதிவுக் காகிதத்தை லேபில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், கையில் வரும் வரை தூக்கப் போவதில்லை. கோபுரம் வடக்கு மூலையில் ஒன்று இருக்கிறது, அந்த மூலையை வெட்டிவிட்டேன்.

புள்ளிமேகம் | செவ்வாய், இரவு 11:10

பேட்டரி போதவில்லை என்றால் ஓவர்லேப்பைத் தொடாதீர்கள், உயரத்தை ஏற்றுங்கள். 75 மீட்டர் என்றால் பிக்சல் 2 சென்டிமீட்டர், தூரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், படங்கள் ஆயிரத்துச் சொச்சமாகிவிடும். ஐயாவின் லெவல் புள்ளிகள் இருக்கும்போது அந்த இழப்பைத் தாங்கலாம். இல்லையென்றால் இரண்டு காலைகளாகப் பிரியுங்கள், ஒவ்வொரு காலையும் ஒரு முழு கிரிட். ஒரே கிரிட்டைப் பாதி வெயிலிலும் பாதி மேகத்திலும் எடுப்பதுதான் மோசம்.

ராமுக்கு, வெப்ஓடிஎம்-இல் படங்களைப் பிரித்துச் செய்து பிறகு சேர்க்கும் வசதி இருக்கிறது. 1,500 படத்தை ஒரே மூச்சில் போட 64 ஜிபி என்று அவர்கள் கையேடே சொல்லும். பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் கன்ட்ரோல் பாயின்ட் விழுகிறதா என்று பாருங்கள், விழாத துண்டு தனியாக மேலேயோ கீழேயோ மிதக்கும்.

பறக்கும்கேமரா | புதன், காலை 7:40

75 எனக்கும் சம்மதம். மாஞ்சாவுக்கு மேலே கொஞ்சம் இடம் கிடைக்கும். கூட ஒருவனை வைத்துக்கொள், அவன் ஸ்கிரீனைப் பார்க்கக் கூடாது, வானத்தை மட்டும் பார்க்க வேண்டும். பருந்து, நூல், ஹெலிகாப்டர், எது வந்தாலும் கத்துவதுதான் அவன் வேலை. உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து நகலில் சீல் வாங்கி வை. விதியில் கேட்காவிட்டாலும் தெருமுனையில் யாராவது கேட்பார்கள்.

வாசல்கோலம் | புதன், மதியம் 3:15

தம்பி, எங்கள் தெருவில் நான்கு பேரிடம் பேசினேன். படத்தை வெளியே தர மாட்டீர்கள், மட்டம் மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்தால் சரி என்கிறார்கள். எங்களுக்கும் ஒரு பிரதி வேண்டும். வடிகால் சரியில்லை என்று வார்டு ஆபீஸில் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எண்ணோடு ஒரு காகிதம் கையில் இருந்தால் பேசலாம்.

எடுக்கிற நாளை முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிடுங்கள், பெண்கள் ஏழு மணிக்குள் குளித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். அன்று காலையில் தண்ணி லாரி வரும், சந்து முழுக்கக் குடமும் டிரம்மும் வரிசை கட்டியிருக்கும், உங்கள் மெஷின் அதையும் தரை என்று எழுதிக்கொள்ளப் போகிறது.

மட்டக்கோல் | புதன், மாலை 5:30

லெவல் சுற்றுக்கு வியாழன் காலை ஆறு மணிக்கு நான் வருகிறேன். ஸ்டாஃப் பிடிக்க ஒரு பையனும் புத்தகத்தில் எழுத ஒருவரும் வேண்டும். பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், அழிரப்பர் கொண்டுவர வேண்டாம்.